ரிலே ஆபரேட்டராகச் சேர நான்கு வழிகள்: செம்பனைத் தோட்டப் பட்டணத்துக்கு எது பொருந்தும்?

ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமம் கைக்கு வந்ததும் பலர் கேட்பது இதைத்தான்: "வெள்ளக் காலத்தில் செய்தி கைமாற்றித் தரும் தொண்டராக இருக்க விரும்புகிறேன். எந்த செட் வாங்கலாம்?" கையடக்கக் கருவி போதும் என்பார் ஒருவர். எச்எஃப் (தொலைதூரச் சிற்றலை) இல்லாமல் நடக்காது என்பார் இன்னொருவர். கணினியில் மின்னஞ்சல் அனுப்பலாமே என்பார் மூன்றாமவர். மோர்ஸ் (புள்ளி, கோட்டு ஒலிக் குறியீடு) படித்தவர் அதைத் தவிர வேறொன்றையும் மதிக்க மாட்டார்.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துச் சிகாமட், லாபிஸ் வட்டாரத்தை மனத்தில் வைத்து இந்த நான்கையும் எடைபோடுகிறோம். 2006 டிசம்பரிலும் 2011 தொடக்கத்திலும் 2023 மார்ச்சிலும் வெள்ளம் கண்ட மாவட்டம் இது. பட்டணத்தைச் சுற்றிச் செம்பனை, உள்ளே மண்பாதை, அதன் முடிவில் லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்), ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு மாரியம்மன் கோயில். ஆறு ஏறினால் முதலில் போவது பாலம். அடுத்து மின்சாரம், சில மணி நேரத்தில் கைப்பேசிக் கோபுரத்தின் பேட்டரி.

எதை வைத்து முடிவு செய்வது

செட்டின் விலையிலிருந்து யோசிக்கத் தொடங்கினால் தவறான இடத்தில் போய் நிற்போம். கேட்க வேண்டியவை வேறு.

செய்தி எங்கே பிறந்து எங்கே போய்ச் சேர வேண்டும்? டிவிஷன் (தோட்டப் பிரிவு) லயத்திலிருந்து பட்டணத்து நிவாரண மையத்துக்கா, லாபிஸிலிருந்து 30 கிலோமீட்டர் தள்ளியுள்ள சிகாமட்டுக்கா, ஜொகூர் பாருவுக்கா? மூன்றுக்கும் மூன்று வகையான அலைவரிசை.

எவ்வளவு செய்தி? "இன்சுலின் தேவை" என்ற ஒரு வரியும், மையத்தில் தங்கியுள்ள 40 பேரின் பெயர்ப் பட்டியலும் ஒன்றல்ல.

இடையில் எத்தனை பொருள் உயிரோடு இருக்க வேண்டும்? ரிப்பீட்டர் (அலையை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்), இணையம், மடிக்கணினி, ஜெனரேட்டர் என்று ஒவ்வொன்றும் அறுந்துபோகக்கூடிய ஒரு கண்ணி.

உங்கள் வீடு வெள்ளத்தில் தப்புமா? இதை யாரும் கேட்பதில்லை. ஆற்றோரத் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) குடியிருப்பவர் கூரைமேல் எவ்வளவு நல்ல ஆன்டெனா கட்டினாலும், அவசர நாளன்று குடும்பத்தோடு மையத்துக்குப் போய்விடுவார். அவருக்கு வேண்டியது பையில் அடங்கும் நிலையம்.

கடைசியாக, பயிற்சிக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் தர முடியும், எத்தனை ஆண்டு தாக்குப்பிடிப்பீர்கள்?

எந்த வழியானாலும் தப்ப முடியாத அடிப்படை

ரிலே ஆபரேட்டரின் வேலை பேசுவதல்ல, எழுதுவது. அடுத்தவர் தந்த செய்தியை ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுதி, அடுத்த நிலையத்துக்கு அப்படியே கொடுத்து, சேர்ந்ததற்கு உறுதி வாங்குவது. அமெரிக்காவில் 1914-இல் தொடங்கிய ஹாம் சங்கத்தின் பெயரிலேயே 'ரிலே' உண்டு. அந்தச் சங்கம் 1949-இல் அமைத்த தேசியச் செய்திப் போக்குவரத்து முறை இன்னும் நடக்கிறது. அனைத்துலக அமெச்சூர் வானொலி ஒன்றியத்தின் அவசரச் செய்திப் படிவமும் ஏறக்குறைய அதே வரிசைதான்: செய்தி எண், முன்னுரிமை, பிறந்த நிலையத்தின் அழைப்புக்குறி, சொல் எண்ணிக்கை, பிறந்த ஊர், நேரம், தேதி. அதன்பின் முகவரி, செய்தி, கையொப்பம்.

இதில் உயிர்நாடி சொல் எண்ணிக்கை. "நான்காவது டிவிஷன் லயத்தில் 23 பேர் எக்ஸ்ரே பாலம் மூழ்கியது எக்ஸ்ரே இன்சுலின் இருவருக்குத் தேவை" என்பது 12 சொல். 'எக்ஸ்ரே' என்பது முற்றுப்புள்ளி, அதையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். வாங்கியவர் எண்ணி 11 வந்தால் ஊகித்து நிரப்பக் கூடாது. "இரண்டாவது எக்ஸ்ரேக்குப் பின் வரும் சொல்லை மீண்டும் சொல்லுங்கள்" என்று குறிப்பிட்ட இடத்தை மட்டும் கேட்க வேண்டும். தமிழிலும் மலாயிலும் சொற்கள் ஒட்டிக்கொள்ளும் என்பதால் இலக்கணம் பார்க்காதீர்கள். எழுதியவர் எங்கே இடைவெளி விட்டாரோ அதுவே ஒரு சொல். செய்தியை 25 சொல்லுக்குள் வைத்தால் பிழை வெகுவாகக் குறையும்.

பெயர்களில்தான் நம்மவர்கள் வழுக்குகிறார்கள். பெயருக்கு நடுவே வரும் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) இரண்டும் இரைச்சலில் ஒன்றுபோலவே கேட்கும். ஒன்று மகனாகவும் இன்னொன்று மகளாகவும் முடியும் விஷயம் இது. "ஆல்ஃபா ஸ்லாஷ் லீமா", "ஆல்ஃபா ஸ்லாஷ் பாப்பா" என்றே சொல்லுங்கள். பெயரை ஒரு முறை சாதாரணமாகச் சொல்லி, பிறகு எழுத்தெழுத்தாக உச்சரித்து, மீண்டும் ஒரு முறை சொல்லுங்கள். முனியாண்டி என்ற பெயரை ரோமன் எழுத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதுவார்கள். அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே போக வேண்டும். அட்டையின் 12 இலக்க எண்ணை மட்டும் வானொலியில் சொல்லாதீர்கள். ஹாம் அலைவரிசையில் பேசுவது ஊர் முழுக்கக் கேட்கும், பொருளை மறைக்கும் சங்கேதக் குறியீடும் அனுமதியில்லை.

எந்த நாட்டுக்குப் பேசுகிறோம் என்பதும் முக்கியம். அனைத்துலக வானொலி விதிகளின் 25-ஆம் பிரிவு, மூன்றாம் நபரின் செய்தியை நாடு கடந்து அனுப்புவதை அவசர, பேரிடர் நிவாரணச் சூழலுக்கு மட்டுமே அனுமதிக்கிறது. லயத்தில் பாதிப் பேருக்குச் சிங்கப்பூரில் வேலை செய்யும் பிள்ளை இருப்பான். "நான் நலம்" என்ற செய்தியை வெள்ளத்தன்று கடல்தாண்டி அனுப்பலாம். தீபாவளி வாழ்த்தை அப்படி அனுப்ப முடியாது.

இந்தப் பழக்கம் கையில் இல்லாமல் எந்தக் கருவியை வாங்கினாலும் பணம்தான் வீண்.

வழி 1: விஎச்எஃப் குரல் வலை

விஎச்எஃப் என்பது குறுந்தூர அலைவரிசை, இங்கே 144 முதல் 148 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள எஃப்எம். வலை என்பது ஒரே அலைவரிசையில் கூடும் நிலையங்கள். மலையுச்சி ரிப்பீட்டர் வழியாகவோ நேரடியாகவோ பேசுவது. புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறார்கள். லயத்திலிருந்து பட்டணத்துக்குச் செய்தி வர இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது.

கையடக்கக் கருவி சில நூறு ரிங்கிட்டுக்குள் முடியும், சிரிம் (தரச்சான்று) முத்திரை உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். ஆனால் செம்பனைக்குள் அதை நம்பிவிடக் கூடாது. 9 மீட்டர் முக்கோண இடைவெளியில் நட்ட மரங்கள் வளர்ந்து மட்டை பின்னிக்கொண்டால், மழையில் நனைந்த அந்தக் கூரை அலையைக் குடித்துவிடும். 430 மெகாஹெர்ட்ஸ் இன்னும் மோசமாக அடிபடும். தோட்டத்துக்குள் வேலை செய்ய விஎச்எஃப்பையே பிடித்துக்கொள்ளுங்கள்.

விஎச்எஃப் அலை போகும் தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்கிட, இரு ஆன்டெனாக்களின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, இரண்டின் வர்க்கமூலத்தையும் கூட்டி, 4.12-ஆல் பெருக்குங்கள். இரண்டு பக்கமும் 10 மீட்டர் என்றால் 26 கிலோமீட்டர். ஒரு பக்கம் மார்பளவில் பிடித்த கையடக்கக் கருவி என்றால் 18. இது வெட்டவெளிக் கணக்கு, செம்பனைக்குள் பாதிகூடக் கிடைக்காது. அதனால் பணத்தை செட்டில் போடுவதைவிட உயரத்தில் போடுங்கள். மூங்கில் கம்பத்தில் ஏற்றிய ஜே-போல் ஆன்டெனா, ரப்பர் வால் ஆன்டெனாவோடு பிடித்த இரு மடங்கு வாட்டை வெல்லும்.

மறைந்திருக்கும் செலவு கேபிள். ஆர்ஜி-58 கேபிள் 20 மீட்டர் ஓடினால் 145 மெகாஹெர்ட்ஸில் சுமார் 4 டெசிபல் போய்விடும், அதாவது சக்தியில் பாதிக்கு மேல் கேபிளிலேயே சூடாகிறது. ஆர்ஜி-213 என்றால் அதே தூரத்தில் சக்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் இழப்பு. இணைப்புக்குள் ஒரு துளி நீர் இறங்கினால் இரண்டும் கெட்டுப்போகும். தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன்மேல் சாதாரண டேப் ஒரு சுற்று. தரையோடு ஓடும் கேபிளைக் குழாய்க்குள் விடுங்கள், செம்பனைத் தோட்டத்து எலி எதையும் விடாது.

ரிப்பீட்டரில் புதியவர் செய்யும் பிழைகள் எப்போதும் மூன்று. ரிப்பீட்டரைத் திறக்கும் துணை டோன் அமைக்காமல் அழைப்பது. பட்டனை அழுத்திய கையோடு பேசி முதல் அசையை இழப்பது. ஒரு விநாடி பொறுக்க வேண்டும். நீண்ட செய்தியை மூச்சு விடாமல் படித்து ரிப்பீட்டரின் நேரக்கட்டுப்பாட்டில் மாட்டுவது. ஐந்து சொல்லுக்கு ஒரு முறை 'பிரேக்' சொல்லிப் பட்டனை விட்டால் அவசரக்காரர் நுழையவும் வழி கிடைக்கும். எஃப்எம்மில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவானவரின் குரல் மட்டுமே கேட்கும், மற்றவர் அழைத்ததே தெரியாமல் போகும். வலையை நடத்துபவர் "வேறு யாராவது?" என்று இடைவெளி விட்டுக் கேட்பது அதனால்தான்.

மலையுச்சி ரிப்பீட்டர் சாகலாம். மாதம் ஒரு முறையாவது ரிப்பீட்டர் இல்லாமல் நேரடியாகப் பேசிப் பார்த்து, எந்த டிவிஷன் எந்த டிவிஷனைக் கேட்கிறது என்று ஒரு தாளில் கோடு போட்டு வையுங்கள். வெள்ளத்தன்று அந்தத் தாள் எந்த செட்டையும்விடப் பயன்படும்.

மின்சாரக் கணக்கு எளிது. 10 வாட்டில் மொபைல் செட் அனுப்பும்போது சுமார் 3 ஆம்பியர், கேட்கும்போது 0.4. பத்தில் ஒரு பங்கு நேரம் அனுப்புவதாக வைத்தால் ஒரு நாளுக்கு ஏறத்தாழ 16 ஆம்பியர்-மணி. 20 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று ஒரு முழு நாளை ஓட்டும்.

வழி 2: எச்எஃப் குரல், தாழ்வான ஆன்டெனாவோடு

சிகாமட்டிலிருந்து ஜொகூர் பாருவுக்கோ கோலாலம்பூருக்கோ ரிப்பீட்டரும் இணையமும் இல்லாமல் பேச இதுவே நேர்வழி. 7 மெகாஹெர்ட்ஸுக்கான இருமுனை ஆன்டெனா, பக்கத்துக்கு 10 மீட்டர் கம்பி, தரையிலிருந்து 3 முதல் 5 மீட்டர் உயரம் மட்டுமே. உயரம் குறைவாக இருப்பதால் அலை நேராக மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டுக் குடைபோல விழும். 300, 400 கிலோமீட்டர் வட்டத்துக்குள் குன்றும் செம்பனையும் குறுக்கே நிற்காது. இந்த அழகு விஎச்எஃப்புக்கு வராது.

நாம் நிலநடுக்கோட்டுப் பக்கம் இருப்பதால் பகலில் 7 மெகாஹெர்ட்ஸ் நன்றாகவே திரும்பி வரும். அலைந்து தேட வேண்டாதபடி நம் வட்டாரத்துக்கு அவசர நடுவ அலைவரிசைகளாக 3.600, 7.110 மெகாஹெர்ட்ஸ் குறிக்கப்பட்டுள்ளன. மாலையானால் சுற்றுப்புறத்து இடியெல்லாம் 3.6-இல் வந்து இரையும். விடியலுக்கு முன் அயனி மண்டலம் மெலிந்து 7 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து ஊரைத் தாண்டிப் போய்விடும். செய்தி ஒப்படைக்கும் நேரத்தைக் காலை எட்டு முதல் பிற்பகல் இடிமழைக்கு முன்பு வரை வைத்துக்கொள்ளும் வலைதான் நிலைக்கும்.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கே கனமானவை. 100 வாட் செட் ஆயிரக்கணக்கில். கேட்கும்போதே 1 ஆம்பியர் தின்னும், அதே கணக்கில் ஒரு நாளுக்கு 45 ஆம்பியர்-மணிக்கு மேல். தாமான் வீடுகளில் எல்இடி விளக்கும் மலிவான சார்ஜரும் சோலார் இன்வெர்ட்டரும் எழுப்பும் இரைச்சலில் மெல்லிய நிலையங்கள் புதைந்துபோகும். லயத்துப் பக்கம் இந்தத் தொல்லை குறைவு. இடி ஒலி கேட்டதும் ஆன்டெனாவைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போடுங்கள். உலகில் இடி மிகுந்த நாடுகளில் ஒன்றில் இருக்கிறோம்.

உரிம வகுப்பையும் பாருங்கள். தீபகற்பத்தில் 9டபிள்யூ2 என்று தொடங்கும் பி வகுப்புக்கும் 9எம்2 என்று தொடங்கும் ஏ வகுப்புக்கும் எச்எஃப் உரிமை ஒன்றல்ல. தொடர்பு பல்லூடக ஆணையத்தின் நடப்பு அட்டவணையைப் பார்த்துவிட்டே செட்டுக்கு முன்பணம் கொடுங்கள்.

வழி 3: மோர்ஸ்

5 வாட், சட்டைப் பை அளவு செட், சிறு பேட்டரியில் ஒரு நாள். குரல் மூழ்கும் இரைச்சலிலும் மோர்ஸ் புகுந்து வரும். 2003 உலக வானொலி மாநாட்டுக்குப் பிறகு மோர்ஸ் தேர்வை நாடுகள் கட்டாயமாக்க வேண்டியதில்லை, அதனால் படித்தவர்கள் குறைந்துவிட்டார்கள். அதுவே இதன் பலவீனம்: மறுமுனையில் வாங்க ஆள் வேண்டும்.

மோர்ஸில் வேகத்தை ஐந்தெழுத்துச் சொல்லால் அளப்பார்கள். பாலசுப்ரமணியம் ரோமன் எழுத்தில் 15 எழுத்து, அதாவது ஒரே பெயர் மூன்று சொல். பெயர்ப் பட்டியலுக்கு ஒத்துவராது. நாளும் 20 நிமிடம் எனப் பல மாதம் உட்காரத் தயார் என்றால் மட்டும் இறங்குங்கள். பிடித்துப் படிப்பவருக்கு இது வாழ்நாள் துணை, கடமைக்குப் படிப்பவர் பாதியில் விட்டுவிடுவார்.

வழி 4: கணினி வழி

வின்லிங்க் என்பது வானொலி வழி மின்னஞ்சல். மடிக்கணினி, இடைமுகப் பெட்டி, செட். வாரா என்ற மென்பொருள் மோடம் பிழையைத் தானே திருத்தி அனுப்பும். பதிவு செய்யாமல் மெதுவான வேகத்தில் இலவசம், முழு வேகத்துக்கு ஒரு முறைக் கட்டணம். 40 பேர் பட்டியலைக் குரலில், எழுத்து உச்சரித்து, பெயருக்கு 30 விநாடி வீதம் படித்தால் 20 நிமிடம் வலையே அடைபடும். நல்ல இணைப்பில் வின்லிங்க் அதை ஓரிரு நிமிடத்தில் பிழையின்றி முடிக்கும். மையங்களின் பட்டியல், மருந்துப் பட்டியல், கையிருப்புக் கணக்கு எல்லாவற்றுக்கும் இதற்கு ஈடில்லை.

சிக்கும் இடங்கள் பல. ஒலி அளவை ஏற்றிவிட்டால் அலை சிதைந்து இணைப்பு அறுந்து அறுந்து வரும். செட்டின் ஏஎல்சி முள் (ஒலி மிகுவதைக் காட்டும் அளவுமானி) அசையத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். தொடர்ச்சியாக முழுச் சக்தி போவதால் 100 வாட் செட்டை 30 முதல் 50 வாட்டில் ஓட்டுங்கள். மடிக்கணினி தனியாக 30, 40 வாட் கேட்கும். இணைப்புக் கோப்பு சுருக்கியபின் 120 கிலோபைட்டைத் தாண்டக் கூடாது, எனவே படம் அனுப்பும் ஆசையை விடுங்கள். மாவட்ட அலுவலக அதிகாரி சாதாரண மின்னஞ்சலிலிருந்து புதிதாக உங்களுக்கு எழுதினால் வடிகட்டி நிறுத்திவிடும். முன்கூட்டியே அவருக்கு ஒரு செய்தி அனுப்பி முகவரியை அனுமதிப் பட்டியலில் ஏற்றிவிடுங்கள். வானொலியை இணையத்தோடு இணைக்கும் நுழைவாயில் நிலையமும் அதே வெள்ளத்தில் இருந்தால் பயனில்லை. தூரத்து எச்எஃப் நுழைவாயில் இரண்டையாவது சோதித்து வையுங்கள்.

ஜேஎஸ்8கால் என்ற மென்பொருள் இதன் சிறிய தம்பி. குறைந்த சக்தியில் இரைச்சலுக்கு அடியிலும் சிறு செய்தி போகும், நடுநிலையம் சேமித்து வைத்துத் தரும். கணினிக் கடிகாரம் 2 விநாடிக்கு மேல் பிசகினால் எதுவும் புரியாது. இணையம் போனபின் கடிகாரம் மெல்ல நகரும், யூஎஸ்பி ஜிபிஎஸ் ஒன்று கூடவே இருக்கட்டும். 144.390-இல் ஏபிஆர்எஸ் என்ற தரவு முறை 67 எழுத்துச் செய்தி மட்டும் தரும். "வந்து சேர்ந்தோம்" சொல்ல அது போதும். இரண்டிலும் தமிழை ரோமன் எழுத்திலேயே எழுதுங்கள்.

பக்கம் பக்கமாக

| | விஎச்எஃப் குரல் | எச்எஃப் குரல் | மோர்ஸ் | வின்லிங்க் |
|---|---|---|---|---|
| தூரம் | தோட்டம், பட்டணம் | மாநிலம் முழுதும் | மாநிலம், அதற்கு அப்பால் | நுழைவாயில் உள்ள வரை |
| பெயர்ப் பட்டியல் | சிரமம் | சிரமம் | ஒத்துவராது | மிக நன்று |
| நாளுக்குப் பேட்டரி | 20 ஆம்பியர்-மணி | 50 | 5 அல்லது 6 | 50, மடிக்கணினி தனி |
| பயிற்சி | சில வாரம் | சில மாதம் | பல மாதம் | சில வாரம், இடைவிடாச் சோதனை |
| முதலில் அறுவது | ரிப்பீட்டர் | மாலை இடி இரைச்சல் | மறுமுனை ஆள் | நுழைவாயில், மடிக்கணினி |

யாருக்கு எது

புதியவர் யாராக இருந்தாலும் முதல் ஆண்டு விஎச்எஃப் குரல் வலையில் இருக்க வேண்டும் என்பதே எங்கள் தீர்ப்பு. இதில் தயக்கமில்லை. செய்தியை எண்ணி, உச்சரித்து, திரும்பப் படித்து வாங்கும் பழக்கம் அங்கேதான் ஊறும். அது இல்லாமல் வின்லிங்க்குக்குப் போனவர் தவறான பெயரையும் பிழையில்லாமல் அனுப்பிவைப்பார்.

உயரமான இடத்தில் வீடு, இரைச்சல் குறைவு, பகலில் ஓய்வு இருப்பவர், குறிப்பாகப் பணி ஓய்வு பெற்றவர், எச்எஃப் குரலுக்குப் போகலாம். ஒரு மாவட்டத்துக்கு அப்படி இரண்டு பேர் இருந்தால் போதும், பத்து பேர் தேவையில்லை. கணினியில் கை பழகிய இளையவர், நிவாரண மையமாகும் பள்ளிக்குப் பக்கத்தில் இருப்பவர், வின்லிங்க்கை எடுத்துக்கொள்ளட்டும். அவர் தனியாக இருக்கக் கூடாது. விஎச்எஃப்பில் லயத்துச் செய்தியை வாங்கித் தட்டெழுதித் தரும் ஒருவர் பக்கத்தில் வேண்டும்.

செட் ஒன்றுமே வாங்காமல் சேரவும் வழி உண்டு. வாங்கிய செய்தியை நடந்தோ மோட்டார்சைக்கிளிலோ கொண்டு சேர்த்து, பெற்றவரின் கையெழுத்தும் நேரமும் வாங்கி வருபவர், பதிவேடு எழுதுபவர், இவர்கள் எப்போதும் பற்றாக்குறை. தோட்ட ஊழியர்கள் கையிலுள்ள 477 மெகாஹெர்ட்ஸ் வாக்கி-டாக்கிகள் அந்தக் கடைசிக் கிலோமீட்டருக்கு நன்றாக உதவும். ஹாம் செட்டை மாற்றியமைத்து அந்த அலைவரிசையில் பேசுவது மட்டும் கூடாது.

எந்த வழியில் போனாலும் தனி ஆளாகக் களத்தில் குதிக்காதீர்கள். 1952 முதல் இயங்கும் மலேசிய ஹாம் சங்கமான மார்ட்ஸ் அல்லது உங்கள் மாவட்டச் சங்கத்தின் வழியாகப் பொதுத் தற்காப்புப் படை அலுவலகத்துக்கு முன்பே அறிமுகமாகி, எந்த மையத்தில் எந்த மேசையில் உட்காரலாம் என்று பருவமழைக்கு முன் எழுத்தில் வாங்கி வையுங்கள். அந்தக் கடிதத்தின் நகல் ஒன்று, படிவக் கட்டு, இரண்டு பென்சில், பிளாஸ்டிக் உறை, முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பேட்டரி, எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். நவம்பர் தொடங்குமுன் பேட்டரியை ஒரு முறை முழு நாளும் செட்டோடு ஓட்டிப் பாருங்கள்.